ப்ரோக்கோலி இலை முழுக்கப் போச்சு, என்ன மருந்து?

கீரைப்பாத்தி:
ஆறு ப்ரோக்கோலிச் செடி. ரெண்டு நாளா இலையெல்லாம் கிழிஞ்சு நடு நரம்பு மட்டும் நிக்குது. என்ன மருந்து அடிக்கிறது? கெதியாச் சொல்லுங்கோ.

மாடித்தோட்டம்:
வைரமுதுகு அந்துப்பூச்சிதான், வேற எதுவும் இல்லை. லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கூடக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாம அடிச்சா அந்த மெழுகு இலையில நிக்காது, உருண்டு ஓடிடும். சாயங்காலம், இலைக்கு அடியில.

வேர்:
படம் எங்க? எந்த ஊர்? புழுக்கை இருக்கா, நத்தை போன பளபளப்புக் கோடு இருக்கா?

பழைய_மண்வெட்டி:
விவரம் சொல்லாமல் மருந்து கேட்பதும், பார்க்காமல் மருந்து சொல்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. அந்துப்பூச்சிப் புழு இலையைச் சுரண்டி ஒரு பக்கத் தோலைக் கண்ணாடி மாதிரி விட்டுவைக்கும். வெட்டுப்புழு என்றால் நாற்றுத் தண்டே மண்மட்டத்தில் அறுந்து கிடக்கும். கிழித்துத் தின்றுவிட்டு நடு நரம்பை விட்டுப் போவது பறவை. தமிழில்தானே எழுதியிருக்கிறேன்?

மாடித்தோட்டம்:
அப்ப சின்னான் குருவியா இருக்கும். பழைய சிடி நாலு கட்டி விடுங்க.

கீரைப்பாத்தி:
லண்டன், ஹரோ. ஊதா ப்ரோக்கோலி, மார்ச்சில வெட்டுறது. புழுக்கை இல்லை, வெள்ளை எச்சம் கிடக்கு.

வேர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! ஜனவரியில அங்க புழு ஏது? கழுத்துல வெள்ளைப் பட்டை போட்ட அந்தப் பெரிய சாம்பல் புறாதான். குளிர்ல வேற பச்சை கிடைக்காதப்ப கோஸ் குடும்பத்து மேலதான் விழும். சிடிக்கு நாலு நாள் பயப்படும், அப்புறம் பக்கத்துலயே உட்கார்ந்து தின்னும். வலைதான் வழி.

ஈரமண்:
ஹரோ தம்பி, பாத்தி எவ்வளவு அகலம்? 1.2 மீட்டர் என்று வைத்துச் சொல்கிறேன். நீலத் தண்ணீர்க் குழாய், 25 மில்லிமீட்டர், ஒவ்வொரு துண்டும் 3 மீட்டர். பாத்தியின் இரு கரையிலும் 60 செ.மீ. மூங்கில் குச்சியைப் பாதி இறக்கி, குழாயை அதன் மேல் செருகி வளையுங்கள். உயரம் ஏறத்தாழ 1.15 மீட்டர் வரும். குழாயை 1.9 மீட்டருக்கு வெட்டினால் 60 செ.மீ.தான் வரும், ஊதா ப்ரோக்கோலி ஒரு மீட்டர் வளரும், இலை வலையில் முட்டும், புறா வலைமேல் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே கொத்தும். வளைவுக்கு வளைவு 80 செ.மீ. வலை 4 மீட்டர் அகலம் வாங்குங்கள். புறாவுக்கு 20 மில்லிமீட்டர் கண் போதும். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும், அதற்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பூவாகும் முன்பே மொட்டை வெட்டுவதால் தேனீ வரவேண்டிய தேவை இல்லை, வருடம் முழுக்க மூடியே வைக்கலாம். பனி விழுந்தால் தட்டிவிடுங்கள், சின்னக் கண் வலை பாரத்தில் படுத்துவிடும்.

மாடித்தோட்டம்:
எதுக்கும் வேப்பெண்ணெயும் அடிச்சு வைங்க.

ஈரமண்:
இங்கே பிரிட்டனில் வேப்பெண்ணெயைப் பூச்சிமருந்தாக அடிக்க அனுமதி இல்லை.

மாடித்தோட்டம்:
நம்ம வேம்புக்குக் காப்புரிமை வாங்கினவங்கதானே, இப்பத் தடையா?

பழைய_மண்வெட்டி:
வாங்கியது ஒரு அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை 2000-ல் ரத்து செய்தது, 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. அதுவும் பூஞ்சைக்கான முறை, புழுவுக்கு அல்ல. படித்துவிட்டு வரவும்.

மாடித்தோட்டம்:
ரத்து ஆனதே நம்ம ஆளுங்க போராடித்தான் ஐயா. அதையும் எழுதுங்க.

வேர்:
வேம்புக்குத் தனி இழை திறங்கப்பா. கீரைப்பாத்தி, நடுக் குருத்து பிழைச்சிருக்கா? இருந்தா செடி திரும்ப இலை விடும். பிப்ரவரிக் கடைசியில செடிக்கு ஒரு கைப்பிடி கோழியெரு. இப்ப போடாதீங்க, குளிர்ல இளந்தளிர் கருகும்.

கீரைப்பாத்தி:
வலை போட்டாச்சு. நாலில குருத்து இருக்கு. நன்றி.

ஈரமண்:
ஓரத்தை மண்ணில் புதைத்தீர்களா, கல் வைத்தீர்களா? தொளதொளவென்று கிடந்தால் முள்ளெலி சிக்கிச் சாகும்.

ஈரமண்:
தம்பி?