பொமேரேனியன் குட்டி எடை ஏறல, பசும்பால் கொடுக்கலாமா?

செங்கோட்டை: பொமேரேனியன் போட்ட நாலு குட்டிக்கும் பத்து நாள் ஆகுது. சாரல் குளிர் வேற. கடைசிக் குட்டி மட்டும் எடை ஏறல. பசும்பால் கொடுக்கலாமா? குட்டிகள எப்போ ஆளுங்ககிட்ட கொடுக்கலாம்?

புளியரை: பசும்பால் வேண்டாம், வயித்தால போகும். முதல்ல உடம்பத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா பால் செரிக்காது, கதகதப்பாக்கிட்டுதான் பால். பெட்டியில ஒரு மூலைக்கு மட்டும் பல்பு போட்டு 28–30 டிகிரி வைங்க, சூடு கூடினா நகர்ந்துக்க இடம் வேணும். குட்டிகளுக்கான பால் பவுடரக் கரைச்சு, குப்புற வச்சே 3 மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுங்க. மல்லாத்திக் கொடுத்தா நுரையீரலுக்குப் போயிடும், அதுதான் பெரிய ஆபத்து. சமையல் தராசுல தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க. நாளைக்கும் ஏறலன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.

ஆரியங்காவு: தாயையும் பாருங்க அண்ணா. சின்ன இனத்துல 2–4 வாரத்துல கால்சியம் இறங்கும். மூச்சிரைப்பு, நடுக்கம், கால் விறைப்பு தெரிஞ்சா குட்டிகளப் பிரிச்சுட்டு உடனே ஆஸ்பத்திரி.

தென்காசி: குட்டிகளுக்கு வயித்துப் பூச்சி மருந்து 2 வாரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம், எடைக்கு ஏத்த அளவு. 4வது வாரம் கூழ். தடுப்பூசி 6–8 வாரம். 8 வாரத்துக்கு முன்ன விக்கக்கூடாதுன்னு நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 விதியே இருக்கு. பழகின தீனிய ஒரு வாரத்துக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்க. புது வீட்டுல சாப்பிடாம கிடந்தா சர்க்கரை இறங்கி மயங்கிடும். அப்போ ஈறுல கொஞ்சம் தேன் தடவிட்டு டாக்டர்கிட்ட ஓடச் சொல்லுங்க.