புதுப்பிப்பு: முன்வாசலில் புல்தரைக்குப் பதிலாகப் பொடுதலை
பல்லடத்தில் எங்கள் முன்வாசல் புல்தரை தண்ணீரின்றிக் காய்கிறது, மாற்று என்ன என்று சித்திரையில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சரளைக்கல் வெயிலில் அனல் வீசும் என்பதால் அதை விட்டுவிட்டு, ஓர் அன்பர் சொன்ன, தரையோடு படரும் பொடுதலைச் செடியையே நட்டேன். வாய்க்கால் ஓரத்தில் பறித்த தண்டுகளைக் கணுவோடு நறுக்கி, ஆடியில் சாண் இடைவெளியில் ஊன்றினோம். அவை கணுதோறும் வேர்விட்டுப் படர்ந்து, தை பிறப்பதற்குள் செம்மண் தெரியாமல் மூடிவிட்டன. இப்போது வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டாலே போதும். எதிர்பாராதவை இரண்டு: கிழங்கைத் தோண்டாமல் விட்ட இடங்களில் கோரை ஊடே முளைத்தது, பூத்ததும் தேனீக்கள் மொய்க்க, வெறுங்காலோடு ஓடிய மகன் கொட்டு வாங்கினான். ஆகவே பூ தலைகாட்டியதும் மேலாக வெட்டிவிடுகிறோம். வேப்பமர நிழலில் மட்டும் அது சரியாகப் படரவில்லை. அங்கே சருகே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.