ஆபரேஷனை ஏன் இரண்டு வாரம் தள்ளுகிறார்கள்?

குழு: நம்ம வீடு

நான்: தனித்தனியாகப் போனில் பேச முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையனின் தலைவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண்ணும் இல்லை, செல்போனும் இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர்.

அத்தை: ஐயோ, கேன்சரா?

நான்: பெரும்பாலும் பரவாத வகைதானாம் அத்தை. ஆனாலும் எடுத்த பிறகு பல வருடம் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இப்போதைய தொல்லை வேறு. அது சும்மா இருக்காமல் நாரட்ரினலின் என்ற, பிபியை ஏற்றும் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறது. பிபி 160/110.

பெரியப்பா: 11 வயதுப் பையனுக்கு பிபியா? மெஷின் கோளாறாக இருக்கும்.

நான்: அவன் கைக்குப் பொருந்துகிற சின்னப் பட்டை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள் பெரியப்பா. பெரியவர்களுக்கு இது விட்டுவிட்டு ஏறுமாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஏறியபடியே நிற்குமாம். அந்த ஹார்மோன் உடைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினையும் ரத்தத்தில் பார்த்தாயிற்று, பல மடங்கு கூடுதல். இரண்டு வாரம் கழித்துத்தான் ஆபரேஷனாம்.

பெரியப்பா: அப்படியானால் நாளைக்கே எடுத்துவிட வேண்டியதுதானே? இரண்டு வாரம் எதற்கு? வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாமா?

தங்கை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: கண்டதையும் ஃபார்வர்டு செய்யாதே. உன் அண்ணி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள், வெளியே வந்ததும் சொல்வாள். மயக்க மருந்து டாக்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு?

அண்ணி: இப்போதுதான் பார்த்தேன். பெரிய மாமா, நாளைக்கே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். மயக்கம் கொடுக்கும்போதும் சர்ஜன் கை கட்டியில் படும்போதும் அந்த ஹார்மோன் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். பிபி 250ஐத் தாண்டியதை மானிட்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஆல்ஃபா பிளாக்கர், அதாவது ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து. பிரசோசின், டாக்ஸசோசின், ஃபீனாக்ஸிபென்சமின், இவற்றில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சுருங்கிக் கிடக்கும் ரத்தக் குழாய் விரிய 10, 14 நாள் ஆகும். விரிந்த இடம் நிரம்ப நிறையத் தண்ணீரும் உப்பும் தர வேண்டும்.

அத்தை: பிபிக்கு உப்பா? எனக்கு உப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்றார்களே!

அண்ணி: அது உங்கள் பிபிக்கு. இவனுக்கு மருந்து ஆரம்பித்த பிறகு, டாக்டர் சொன்ன அளவில்.

மாமா: படபடப்புக்கு எனக்குத் தந்த ப்ரொப்ரனோலால் வீட்டில் இருக்கிறது. கொடுத்து அனுப்பவா?

அண்ணி: வேண்டவே வேண்டாம். அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. ஆல்ஃபா மருந்து நன்றாகப் பிடிப்பதற்கு முன்னால் அதைக் கொடுத்தால் பிபி இன்னும் எகிறும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, மூக்கடைப்பு மருந்து எதுவும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

தங்கை: ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன?

அண்ணி: குத்தினாலும் அதே ஹார்மோன் வெள்ளம்தான்.

நான்: அப்புறம் ஒரு விஷயம். குழந்தைகளுக்கு இது வந்தால் பாதிக்கும் மேல் பரம்பரை மரபணுவால்தானாம். நம்மில் யாருக்காவது இளம் வயதிலேயே பிபி, தைராய்டு கேன்சர், சிறுநீரகத்திலோ கழுத்திலோ கட்டி, திடீர்ச் சாவு என்று ஏதாவது உண்டா? மரபணு ஆலோசகர் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: நம் பக்கம் யாருக்கும் ஒன்றும் கிடையாது.

அத்தை: அண்ணா, நடுத்தம்பியை மறந்துவிட்டாயா? 22 வயது. வெறும் ஹெர்னியா ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் போய்விட்டான்.

பெரியப்பா: அது டாக்டர் செய்த தவறு.

அத்தை: அப்படித்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெரியப்பா: அவனுக்கும் வேர்த்துக் கொட்டும். தலைவலி என்று பாதி நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவான். படிக்கச் சோம்பல் என்று அப்பா அடிப்பார்.

அண்ணி: அதுதான் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது மாமா. ஆனால் நீங்கள் எழுதியதை அப்படியே ஆலோசகரிடம் காட்ட வேண்டும். 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி திடீரென்று இறந்தாள். இரண்டு அட்ரினலிலும் கட்டி. 2007இல் அவள் குடும்பத்து வழிவந்தவர்களைச் சோதித்தபோது ஆர்இடி மரபணுவில் மாற்றம் இருந்தது தெரிந்தது. அவ்வளவு காலம் கழித்தும் துப்புக் கிடைக்கிறது.

தங்கை: அப்படியானால் எல்லோரும் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

அண்ணி: முதலில் பையனுக்கு மட்டும். ஆர்இடி, விஹெச்எல், எஸ்டிஹெச்பி என்று பல மரபணு இருக்கிறது. அவனிடம் ஒன்று பிடிபட்டால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். பெற்றோர், அவன் தங்கை, அப்புறம் நீங்கள்.

நான்: ஆபரேஷன் முடிந்ததும் ஐசியுவில் வைப்பார்களாம். பிபியும் சர்க்கரையும் திடீரென்று இறங்கலாமாம். பார்க்க ஒருவர் ஒருவராக வாருங்கள், அவனிடம் நடுத்தம்பி கதை வேண்டாம்.

பெரியப்பா: சரி. என் பெயரையும் எழுதிக்கொள். பேத்திக்கும் அடிக்கடி தலைவலி வருகிறது. அவளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமா?

அண்ணி: ஸ்கேன் வேண்டாம் மாமா. குழந்தைகளுக்கு வரும் தலைவலியில் இது மிக மிக அபூர்வம். முதலில் குழந்தைப் பட்டை இருக்கிற இடத்தில் பிபி பார்த்து எனக்கு அனுப்புங்கள்.

பெரியப்பா: சாயங்காலமே அழைத்துப் போகிறேன்.