பில்கிரிம்ஸ் ரெஸ்ட் (தென்னாப்பிரிக்கா) பயணம்: டர்பன் பக்கத்துக் குடும்பக் குழு

*தம்பி (பீனிக்ஸ்):* மாமா, ஸ்கூல் லீவுல பிள்ளைங்களோட அந்தப் பழைய தங்கச் சுரங்க ஊரு பில்கிரிம்ஸ் ரெஸ்ட் போறோம். பக்கத்து ஊர் கிராஸ்கோப்புல தங்கல். எதை முதல்ல பாக்கலாம்?

*மாமா (சாட்ஸ்வொர்த்):* அந்தக் காலத்துல தங்கம் தோண்டின விதத்தைக் காட்டுற டிக்கிங்ஸ் மியூசியம்தான் முதல்ல. ஓடைப்பக்கம் திறந்தவெளியில இருக்கு. வழிகாட்டி தங்கம் அரிச்சுக் காட்டுவார். மேல் ஊர்ல தகவல் மையம் இருக்கு, நேரம் கேட்டு டிக்கெட் வாங்கிக்குங்க.

*தம்பி (பீனிக்ஸ்):* ஊருக்குள்ள வீடுங்களைப் பாத்துட்டு அப்புறம் போனா என்ன?

*மாமா (சாட்ஸ்வொர்த்):* அந்த வீடுங்க ஏன் வந்துச்சுன்னு ஓடையைப் பாத்தாத்தான் புரியும். 1873ல தங்கம் தேடி வந்த அலெக் பேட்டர்சன் இங்க தங்கம் கண்டு வெளியே சொல்லாம வெச்சிருந்தார். அவரை மாதிரியே தங்கம் தேடின வில்லியம் டிராஃபோர்ட் போய்ப் பதிவு பண்ணினதும் கூட்டம் கூடிடுச்சு. அந்த செப்டம்பர்லயே தங்கவயல்னு அறிவிச்சாங்க.

*அத்தை (டோங்காட்):* பிள்ளைங்க தங்கம் அரிக்கிற தட்டைக் கையில வாங்கினா இதைச் சொல்லிக் குடுப்பா. முக்கால் தட்டுக்குக் கொஞ்சம் கம்மியா சரளை போட்டு, தண்ணிக்குள்ளயே வெச்சு களிமண் கட்டி எல்லாத்தையும் விரலால உடைக்கணும். உடைக்காத கட்டி தங்கத்தையும் கூட்டிக்கிட்டு வெளியே உருண்டுடும். பெரிய கல்லைக் கழுவிட்டு எடுத்துப் போடு. பிறகு தட்டை மட்டமா வெச்சு பக்கவாட்டுல நல்லா குலுக்கணும், கனமானது அடிக்குப் போகும். அதுக்கப்புறம்தான் லேசா சாய்ச்சு மேல் மணலைக் கழுவி விடணும். அரிசியில கல் அரிக்கிற கைதான், ஆனா இங்க அடியில தங்குறதுதான் நமக்கு வேணும்.

*மாமா (சாட்ஸ்வொர்த்):* அவசரப்பட்டுச் சாய்க்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ரெண்டு தரம் கழுவினா மறுபடி மட்டமாக்கிக் குலுக்கணும். சாதா மணல் தண்ணியைவிட 2.6 மடங்கு கனம், கருமணல் 5 மடங்கு, தங்கம் 19 மடங்கு. அதான் கடைசியில கருமணலோட தங்கம் ஒட்டி நிக்கும். கையில கிரீம், எண்ணெய் இருந்தா பொடித் தங்கம் தண்ணி மேலயே மிதந்து போயிடும்.

*தம்பி (பீனிக்ஸ்):* சன்ஸ்கிரீன் பூசின கையைச் சோப்பு போட்டுக் கழுவணும்னு அர்த்தம் 👍 அலங்லேட்?

*அத்தை (டோங்காட்):* சுரங்க மேலாளர் பங்களா. வழிகாட்டி இல்லாம உள்ள விடமாட்டாங்க, முன்னாடியே போன் பண்ணி நேரம் வாங்கு. அங்க மேலாளர் குடும்பத்தோட சாமான்தான் தெரியும். சுரங்கத்துக்குள்ள இறங்கி உழைச்ச கறுப்பினத் தொழிலாளர்களைப் பத்தி நீயா கேளு. கேக்காம விட்டுடாதே.

*மாமா (சாட்ஸ்வொர்த்):* ஊர்ல தகர வீடுங்களைப் பாக்கும்போது மரச்சட்டத்தையும் கவனிக்கச் சொல்லுங்க. நெளிதகடு லேசு, மாட்டு வண்டியில ஏத்தலாம், சீக்கிரம் நிறுத்தலாம். 1970கள் தொடக்கத்துல சுரங்கம் மூடினப்புறம் 1974ல மாகாண அரசு ஊரையே வாங்கிடுச்சு. 1986ல தேசிய நினைவுச்சின்னம் ஆச்சு.

*தம்பி (பீனிக்ஸ்):* கல்லறைத் தோட்டம்?

*அத்தை (டோங்காட்):* மேட்டுல இருக்கு, ஏத்தம். ஆயாவுக்கு வேண்டாம். மத்த கல்லறை எல்லாம் கிழக்கு மேற்கா இருக்க, 'திருடன் கல்லறை' மட்டும் வடக்கு தெற்கா கிடக்கும்.

*மாமா (சாட்ஸ்வொர்த்):* டிசம்பர் லீவுன்னா மதியத்துக்கு மேல இடி மழை வரலாம், திறந்தவெளியைக் காலையிலயே முடிச்சிடுங்க. கிராஸ்கோப்புல இருந்து 15 கிலோமீட்டர்தான், ஆனா மலை வளைவுல பனிமூட்டம் இறங்கும். இருட்டுறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க. சில்லறை ராண்டும் கையில வெச்சுக்குங்க, எல்லா இடத்துலயும் கார்டை நம்ப முடியாது.