ஒசாகா கோட்டையா, ஹிமேஜியா?

அப்பா: டிக்கெட் வந்துவிட்டது. மார்ச் 28 காலை ஜப்பானில் ஒசாகா போய் இறங்குகிறோம். முதல் நாளே ஒசாகா கோட்டை பார்த்துவிடலாமா?

அக்கா: பார்க்கலாம் அப்பா. அகழியும் மதிலில் அடுக்கிய பெரிய பெரிய கற்களும் அவ்வளவு அழகு. ஆனால் மேலே நிற்கும் கோபுரம் 1931ல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் வைத்த மியூசியம்தான்.

அப்பா: பழைய கோபுரம் என்ன ஆயிற்று?

அக்கா: 1665ல் இடி விழுந்து எரிந்துவிட்டது. தீ, போர், மெய்ஜி காலத்து (19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) இடிப்பு எல்லாம் போக, ஜப்பான் முழுக்கப் பழைய மரக் கோபுரம் அப்படியே நிற்கிற கோட்டைகள் 12தான். அதில் ஒன்றான ஹிமேஜி கோட்டைக்கு உங்களைக் கூட்டிப்போகாமல் விடமாட்டேன்.

தம்பி: வெள்ளையாக இருக்குமே, அதுவா?

அக்கா: அதேதான். வெண்கொக்குக் கோட்டை என்பார்கள். 1609ல் முடித்த கோபுரம். மேலே பூசியிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து அழகுக்கு மட்டுமில்லை, மரத்தில் தீ பிடிக்காமல் இருக்கவும்தான். உள்ளே போகிற வழிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோபுரம் கண்ணெதிரே இருக்கும், பாதையோ வேறு பக்கம் திரும்பிவிடும். எதிரி சுற்றிச் சுற்றி வர, சுவரில் இருக்கும் முக்கோண, வட்டத் துளைகள் வழியாகச் சுடுவார்களாம். 1945 குண்டுவீச்சில் ஊரே சாம்பலாயிற்று. கோபுரத்தின் மேல்தளத்தில் விழுந்த தீக்குண்டு மட்டும் வெடிக்கவில்லை. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சித்தி: எத்தனை மாடி ஏறணும்? உன் அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறதே.

அக்கா: ஆறு தளம் சித்தி. லிஃப்ட் கிடையாது, மரப்படி ஒவ்வொன்றும் ஏணி மாதிரி செங்குத்து.

அம்மா: அப்பாவும் தம்பியும் ஏறட்டும். நான் கீழே இருக்கிறேன்.

அக்கா: கோபுரத்துக்கு முன்னால் பெரிய புல்வெளி இருக்கிறது அம்மா, முழுக் கோட்டையும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சகுரா என்கிற செர்ரி மரங்களும் பூக்கத் தொடங்கியிருக்கும். நானும் உன்னோடு உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கென்று கியோட்டோவில் நிஜோ கோட்டை வைத்திருக்கிறேன். அங்கே பார்க்க வேண்டியது நினோமாரு அரண்மனை. எல்லாம் ஒரே தளம், படியேறும் வேலையே இல்லை. தங்கப் பின்னணியில் புலியும் பைன் மரமும் வரைந்த அறைகள். 1867ல் கடைசி ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தருவதாக அறிவித்தது அங்கேதான். நடக்க நடக்கத் தரை குருவி மாதிரி கீச்சிடும்.

தம்பி: எதிரி வந்தால் தெரியத்தானே அது?

அக்கா: அப்படித்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் பலகைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடியும் ஆணியும் நாளடைவில் தளர்ந்து உரசுகிற சத்தம் என்று அங்கேயே விளக்கம் வைத்திருக்கிறார்கள். எப்படியானாலும் கேட்க அவ்வளவு இனிமை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் நிதானமாகக் கண்ணால் பார்க்கலாம்.

அப்பா: சரி, முதல் நாள் ஓய்வு. 29 ஹிமேஜி, 30 நிஜோ.

அம்மா: தரையில் செருப்போடு நடக்கலாமா?

அக்கா: இரண்டு இடத்திலும் கழற்றணும் அம்மா. மரத்தரை ஜில்லென்று இருக்கும், கனமான சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துவா.