நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

வன்னி ரீச்சர்:
வவுனியாப் பக்கம் படிப்பிக்கிறேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, இணையத்தில் பொய்க் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டார்கள். ஓ.எல். (சாதாரண தர) சோதனை நெருங்குகிறது, பிள்ளை பள்ளிக்கூடமே வருவதில்லை. தாய் பொலிசுக்குப் போக, முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். இணையத்தில் நடக்கும் இப்படியான கொடுமைகளுக்குத்தானே 2024இல் இலங்கையில் இந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்? பத்திரிகைக்காரர் ஏன் எதிர்க்கிறார்கள்? விளங்கவில்லை, கோபமாகவும் இருக்கிறது.

பழைய நிருபர்:
ரீச்சர், முதலில் பிள்ளையின் விசயம். 18 வயதுக்குக் கீழென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். அந்தக் கணக்கின் இணைப்பைக் குறித்து வையுங்கள். படத்தை ஒருவருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டாம். சிறுவரின் ஆபாசப் படங்களுக்கு எதிராகத் தண்டனைச் சட்டக்கோவையில் 286ஏ பிரிவு 1995இலிருந்தே இருக்கிறது.

புதுச் சட்டத்திலும் துன்புறுத்தலுக்கும் சிறுவருக்கும் பிரிவுகள் உண்டு. எங்களுக்கு அவற்றோடு சண்டை இல்லை, 12ஆம் பிரிவோடுதான். பொய்யான கூற்றால் தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் என்றால் 5 வருடம் வரை சிறை. பதிவை 24 மணித்தியாலத்துக்குள் நீக்கச் சொல்ல, சனாதிபதி நியமிக்கும் 5 பேர் ஆணைக்குழு போதும். உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்களை முழுதாகச் சேர்க்காமலே 108க்கு 62 என்ற வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள் என்று சபாநாயகர் மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணைகூட வந்து தோற்றது.

கவிஞர் அஹ்னாப் ஜசீமை நினைத்துப் பாருங்கள். தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், 2021 டிசம்பரில்தான் பிணை. 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. கையில் அகலமான சட்டம் இருந்தால் எங்கள் ஆட்கள் மேல்தான் முதலில் பாயும்.

கண்டிக்காரன்:
ஐயா, எல்லாம் சரி. 2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எங்கள் கடைகள் எரிந்தபோது முகநூலில் வெறுப்பு கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020இல். அதுவரை யாரிடம் போய் முறையிடுவது?

பழைய நிருபர்:
நியாயமான கேள்வி தம்பி. ஆனால் இன வெறுப்பைத் தூண்டுவோரைப் பிடிக்க 2007இலிருந்தே ஐசிசிபிஆர் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) இருந்தது. திகனவுக்கு முன்னர் அதை எடுத்து நடத்த மனம் வரவில்லை.

வன்னி ரீச்சர்:
1929க்குப் பேசினேன், தமிழில்தான் பேசினார்கள். விபரம் எடுத்திருக்கிறார்கள், பார்ப்போம். சரி, 12ஐ வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்திருக்க ஏலாதா?

பழைய நிருபர்:
ஏலும். நீக்கச் சொல்லும் அதிகாரத்தையும் நீதவானிடம் கொடுத்தால் நானே கைதட்டுவேன். பாடசாலையின் பெயரை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.