அலைப் படத்துக்கு ஃபூரியே உருமாற்றம் போட்டால் இரண்டு திட்டு வருவது ஏன்?

பாம்பன்காரன்:
பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று தென்கடலைக் கைபேசியில் எடுத்த படம். கச்சான் காற்றுக்கு அலை வரிவரியாக வந்துகொண்டிருந்தது. பைத்தான் நிரல்மொழியில் இருபரிமாண எஃப்எஃப்டி (ஃபூரியே உருமாற்றத்தை வேகமாகக் கணக்கிடும் முறை; படத்தில் வரிகள் எந்த இடைவெளியில், எந்தத் திசையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று காட்டும்) போட்டேன். நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் கலங்கலாக இரண்டு வெளிச்சத் திட்டு, கூடவே நடுவில் ஒரு பெரிய சிலுவை. அலை ஒரு பக்கமிருந்துதானே வருகிறது? இதில் அலைநீளம் எடுக்க முடியுமா?

தொண்டி வாத்தியார்:
முடியும் தம்பி. பிக்சல் மதிப்புகள் மெய்யெண்கள் என்பதால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் (படத்துக்குள் எத்தனை முறை வரி திரும்ப வருகிறது என்பது) எதிர்ப்பக்கத்தில் தன் ஜோடியோடுதான் வரும். இரண்டு திட்டும் ஒரே அலைதான். அவற்றைச் சேர்க்கும் கோடு அலை ஓடும் அச்சு. முன்னா பின்னா என்று ஒற்றைப் படம் சொல்லாது.

சிலுவை கடலில் இல்லை. படத்தின் இடது ஓரம் வலது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் ஒட்டியிருப்பதாகத்தான் எஃப்எஃப்டி கணக்குப் போடும். ஒட்டாத இடத்தில் வெடுக்கென்று ஒரு விளிம்பு, அதுதான் சிலுவை. முதலில் பிக்சல் மதிப்புகளின் சராசரியைக் கழித்துவிட்டு ஹான் விண்டோவால் (ஓரம் நோக்கி மெல்லச் சுழியாகும் எடை) பெருக்கு, பெரும்பாலும் போய்விடும்.

கலங்கல்தான் உண்மையான சிக்கல். பாலத்திலிருந்து சாய்வாக எடுத்ததால் தூரத்து அலை நெருக்கமாகவும் கிட்டத்து அலை அகலமாகவும் விழுகிறது. ஒரே அலைநீளம் பல அதிர்வெண்ணாகச் சிதறிவிடும். அடிவானம் தெரிகிற மாதிரி எடுத்து, அதை வைத்துச் சாய்வைக் கணக்கிட்டு, மேலிருந்து பார்ப்பதுபோல் படத்தை நிமிர்த்து. அளவுக்கு, நீளம் தெரிந்த வல்லம் ஒன்று படத்தில் இருந்தால் போதும்.

நிமிர்த்திய படத்தில் 1024 பிக்சல் சதுரத்தை வெட்டு. ஒரு பிக்சல் 5 செ.மீ. என்றால் பக்கம் 51.2 மீட்டர். திட்டு நடுவிலிருந்து குறுக்கே 12, மேலே 5 தள்ளி இருந்தால் தூரம் 13, அதாவது 51.2 மீட்டருக்குள் 13 அலை. 51.2-ஐ 13-ஆல் வகு, அலைநீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர்.

பாம்பன்காரன்:
நன்றி அண்ணே. அலை எங்கிருந்து வருகிறது என்பதை அப்பா பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கணினிக்கு எப்படிச் சொல்வது?

மண்டபம் வாசி:
வீடியோ எடுங்கள். அடுத்தடுத்த இரு பிரேம்களில் அதே திட்டின் கட்டம் (phase, அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்; அதன் குறி திசையைச் சொல்லும், அளவு வேகத்தைச் சொல்லும். பேருந்து போனால் பாலம் ஆடும், அந்த ஆட்டமும் கட்டத்தில் ஏறிவிடும். ஆடாமல் நிற்கும் தூண் ஏதாவது ஒன்றைச் சட்டத்துக்குள் வையுங்கள். தூண் நகர்ந்த அளவைக் கழித்த பிறகு எஃப்எஃப்டி போடுங்கள்.